துரை நாற்காலிக்கு அடியில் போட மலிவான சாமான்

கோரிப்பாளையம்,
மதுரை.
1944, மாசி மாதம்.

திருச்சிராப்பள்ளியில் ராணுவத்துக்கு அரிசியும் காய்கறியும் அளந்துகொண்டிருக்கும் என் தாய்மாமன் முத்திருளப்பன் அவர்கள் சமூகத்துக்கு, மதுரையில் அவர்கள் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் மருமகன் உக்கிரபாண்டி எழுதிக்கொள்வது.

தோட்டத்தில் தளம் போடச் சொன்னீர்களே, அது பின்சந்து ஜனங்களின் தண்ணீரை நிறுத்துவதற்காக. இதைச் சந்தேகமாக எழுதவில்லை, நடந்த விஷயமாக எழுதுகிறேன். மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அத்தைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. பசு சினையாக இருக்கிறது. எனக்கு வலது கால் பெருவிரல் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது, அந்த விவரம் கீழே வரும். மரியாதைகள் முடிந்தன.

சித்திரையில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு நம் வீட்டுத் தோட்டத்தில் தேநீர் விருந்து வைக்கப் போவதாகவும், அவர் மனம் குளிர்ந்தால் உங்கள் பெயருக்கு முன்னால் ராவ் சாகிப் என்று ஒட்டிக்கொள்ளும் என்றும், தோட்டத்து மண்ணில் துரையின் நாற்காலிக் கால் புதைந்தால் அந்தப் பட்டமும் அதோடு புதைந்துவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். மேலே பாவுவதற்குக் கடப்பைக்கல் அனுப்பினீர்கள். அடியில் போடுவது யார் கண்ணிலும் படாது, ஆகையால் எது மலிவோ அதைப் போடு என்றீர்கள். சரி. அதே கடிதத்தின் கடைசியில், துரை டீ குடிக்கும்போது சந்துப் பெண்கள் குடத்தோடு குறுக்கே போனால் கௌரவமாக இருக்காது, தோட்டத்துப் பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடு என்று எழுதி, அதற்கென்று முதல்தரமான செங்கல்லை லாரியில் அனுப்பினீர்கள். துரை உட்காருகிற இடத்துக்குக் கழிவு, ஏழை நுழைகிற இடத்துக்கு முதல்தரம். விருந்து முடிந்த பிறகு வாசலைத் திறக்கலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. சந்துக்குள் குழாய் கிடையாது, மாசி பிறந்தால் வைகையில் மணல்தான் ஓடுகிறது, நம் கிணற்றை விட்டால் தர்கா தாண்டிப் போய்ப் பொதுக் குழாயில் வெயிலில் நிற்க வேண்டும், அங்கேயும் தண்ணீர் வருவது அதன் இஷ்டம். அதனால்தான் சந்துக்கு ஒரு குழாய் கேட்டு நகரசபைக்கு விண்ணப்பம் எழுதி, வீட்டுக்காரர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று உங்களுக்கு இரண்டு தடவை அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. நாற்காலியைப் பற்றி மட்டும் உடனே பதில் வந்தது.

இனி மலிவான சாமான் கதை. சிமெண்ட் கேட்டால் பெர்மிட் எங்கே என்கிறார்கள். கருங்கல் ஜல்லி விலை சொன்னால் நீங்கள் திருச்சியிலிருந்தே என்னை அடிப்பீர்கள். ஆற்றுமணல் கையில் வருகிற சாமான் என்று முதலில் அதைக் கொட்டினோம். கொத்தனார் மொக்கையன், தண்ணீர் தெளித்து இடித்தால் மணல் கல்லாகிவிடும் என்றான். சோதித்துப் பார்க்காமல் துரையை உட்கார வைக்கக் கூடாது என்று, துரையின் எடை என்ன என்று உங்களுக்கு எழுதிக் கேட்டேன், 'பெரிய மனிதர்' என்று பதில் போட்டீர்கள். கோரிப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருக்கும் பாதுஷா ராவுத்தர். நாம் வாங்கும் சுண்ணாம்பும் அவருடையதுதான். அவர் எழுந்தால் கூடவே நாற்காலியும் எழும். அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு, மணல்மேல் நாலு கடப்பைக்கல்லைப் போட்டு, உங்கள் சாய்வு நாற்காலியை வைத்து உட்காரச் சொன்னோம். அவர் பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். ஒரு கல் இந்தப் பக்கம் போயிற்று, இன்னொன்று அந்தப் பக்கம் போயிற்று, நடுவில் ராவுத்தர் கிணற்றில் இறங்குகிற வாளி மாதிரி மெதுவாகக் கீழே போனார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். எழுந்ததும் வேட்டியைத் தட்டிக்கொண்டு, "மாப்ள, ஒங்க மாமாவுக்குப் பட்டம் கெடைக்குமோ என்னவோ, தொரைக்குக் கபுர்க்குழி கெடைச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணல் உதவாது என்று தெரிந்த பிறகு மில் சாம்பலுக்குப் போனேன். பாய்லர் சாம்பலைக் கொட்ட இடமில்லாமல் தவிக்கிறார்கள், வண்டி கொண்டுவந்தால் வாரிக்கொண்டு போ என்றார்கள். இதைவிட மலிவு உலகத்தில் கிடையாது, உங்கள் நினைவு வந்தது. இறக்கிப் பரப்பினோம். தண்ணீர் தெளித்து இடிப்பதற்குள் மேற்கேயிருந்து ஒரு காற்று கிளம்பியது. அத்தை மாடியில் காயப்போட்டிருந்த வடகம் அத்தனையும் கறுத்தது. வெள்ளைப் பசு கறுப்புப் பசு ஆயிற்று, மாலையில் பால் கறக்க வந்தவன் வேறு வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போனான். அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு ராவுத்தர் தெருவில் இறங்கியதை நான் கவனிக்கவில்லை, காற்று கவனித்துவிட்டது. மறுநாள் அவர் காளவாசலில் நமக்குச் சுண்ணாம்பு இல்லை என்று சொல்லியனுப்பினார். அத்தை பணியாரம் சுட்டு அவர் வீட்டம்மா ஜெயினம்புவிடம் கொடுத்து, இது தெரியாத்தனமான பிள்ளை என்று என்னைக் காட்டி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சுண்ணாம்பு கிடைத்தது. என்னைத் தெரியாத்தனமான பிள்ளை என்று சொல்லி வாங்கிய சுண்ணாம்பு என்பதால் அது மலிவான சாமானில் சேராது.

அப்போதுதான் ஒச்சாயி வந்தாள். சந்தில் முதல் வீட்டுக்காரி, மொக்கையனுக்குச் சித்தாள் வேலை பார்க்கிறவள், நம் கிணற்றில் முதல் குடம் எடுப்பவளும் அவள்தான். சாம்பலை அள்ளிக் குப்பைக்குழியில் போட்டுக்கொண்டே, எங்கள் ஊர்ப்பக்கம் உடைந்த ஓட்டுச்சில்லு மலை மாதிரி கிடக்கிறது, வண்டிக் கூலி மட்டும்தான், செங்கல் ஜல்லிக்குப் பதில் போடலாம், அதுவும் சுட்ட மண்தானே என்றாள். அலங்காநல்லூருக்கு அந்தண்டைப் பக்கம், அதாவது நம்முடைய ஊர்ப்பக்கம்தான். பின்வாசலை அடைக்கும் வேலைக்குக் கூடை தூக்கப் போகிறவளும் அவள்தான் என்பதும், தன் தண்ணீரைத் தானே அடைக்கப் போகிறவளிடம் போய் நான் யோசனை கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பதும் அப்போது எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. உங்களுக்காக நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் எனக்காகத்தான் வெட்கப்பட்டேன். வீரணன் வண்டியை அனுப்பினேன். ஒச்சாயி கூடவே போய் நின்று ஏற்றிக்கொண்டு வந்தாள்.

பின்வாசல் வழியாக வண்டி வந்து சாய்ந்தது. நல்ல சில்லு, மாமா. தட்டினால் வெண்கலம் மாதிரி சத்தம். மொக்கையன் பரப்பி, மண் இடிக்கிற திமிசுக்கட்டையைத் தூக்கி இரண்டு குத்துக் குத்தினான். மூன்றாவது குத்துக்குக் கட்டை மேலே போயிற்று, கீழே வரவில்லை. என்ன என்று பார்த்தால் சில்லுக்கு நடுவில் ஒரு காது. மனிதக் காது இல்லை. கையால் கிளறினான். ஒரு குளம்பு வந்தது. மணி கட்டிய கழுத்து வந்தது. கடைசியில் முழங்கை நீளத்துக்கு ஒரு குதிரை முகம், சேறு அப்பி, பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. மொக்கையன் கட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அய்யனாருக்கு நேர்ந்து விட்ட புரவியை இடிக்கிற கை எனக்கு இல்லை என்றான். வண்டிக்காரன் வீரணனைக் கேட்டால், நான் மாடு ஓட்டுகிறவன், அள்ளினதை நான் பார்க்கவில்லை என்று வண்டியைத் திருப்பினான். சத்தம் கேட்டு அத்தை வந்தாள்.

மாமா, இங்கே உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. யுத்தம் வந்ததிலிருந்து நீங்கள் நம் ஊர்ப் புரவி எடுப்புக்குப் போகவில்லை. ஊரெல்லாம் மண்குதிரையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது நீங்கள் பூசணிக்காயை எடை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அத்தைக்கு அந்தக் குறை நெஞ்சில் கிடந்து புழுங்கியிருக்கிறது, எனக்குத் தெரியாது. குதிரை முகத்தைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நாம போகலைன்னு அதுவே வண்டி ஏறி வந்துருச்சுடா, உக்கிரபாண்டி" என்றாள்.

நான் விடவில்லை. நீங்கள் என்னைப் படிக்க வைத்தீர்கள், அந்த ஒன்றுக்கு நன்றி உண்டு. இது மண், சூளையில் வெந்த மண், பானைக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது, இதைப் பார்த்துப் பயப்படுகிற வரைக்கும் நம் முதுகில் கண்டவன் எல்லாம் ஏறி உட்காருவான் என்று கிணற்றுமேடையில் ஏறி நின்று பேசினேன். நல்ல பேச்சு. ஒச்சாயி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். பிறகு, "மண்ணுதான் தம்பி. நீங்களும் நானும் மட்டும் என்ன, வெங்கலமா?" என்று கேட்டாள். மொக்கையன் சிரித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரும் வேண்டாம், நானே இடிக்கிறேன் என்று திமிசுக்கட்டையைத் தூக்கினேன். அது இவ்வளவு கனம் என்று யாரும் சொல்லவில்லை. கைப்பிடி ஈரமாக இருந்தது. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: கைப்பிடி ஈரமாக இருந்தது. கட்டை நழுவி என் பெருவிரலில் விழுந்தது. அதற்கு அய்யனார் காரணம் இல்லை. ஆனால் அதை நான் சொல்கிற நிலையில் அப்போது இல்லை, அம்மாச்சி என்று ஊர் கேட்கக் கத்தினேனாம். அத்தை உடனே கற்பூரம் கொண்டுவந்தாள். மஞ்சளைக் குழைத்துக் குதிரை முகம் முழுக்கச் சேற்றோடு சேர்த்து அப்பினாள். மிச்சத்தை என் விரலில் அப்பினாள்.

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, சரி, சில்லு வேண்டாம், அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பின்வாசல் சுவரையாவது இன்றைக்கு ஆரம்பியுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு யோசித்தேன். வலி ஒரு காரணம். ஒரு வேலையாவது முடிந்தது என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்ற அடிமைப் புத்தி இன்னொரு காரணம். ஒச்சாயி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அடைங்க தம்பி, உங்க வீட்டு வாசல். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குதிரை இந்த வாசல் வழியாத்தான வந்துச்சு? அதை அடைச்சுட்டா ராத்திரி அய்யனாரு வேட்டைக்கு எந்தப் பக்கமாப் போவாரு? உங்க மாமா கட்டில் கெடக்குற ரூம்பு வழியாவா?"

அத்தை உங்கள் அறை ஜன்னலை ஒருதரம் பார்த்தாள். மொக்கையன், "மாப்ள, எனக்கு நாலு பொட்டப்பிள்ள. குதிரை வழியில கல்லு வச்சவன்னு எனக்குப் பேரு வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவினான். வேறு கொத்தனாரைத் தேடி ஆள் அனுப்பினேன். செய்தி எனக்கு முன்னால் போயிருக்கிறது. செல்லூரில் ஒருவனும் வரமாட்டேன் என்கிறான், தல்லாகுளத்தில் ஒருவன் தன் குழந்தைக்கு விபூதி வாங்கிவரச் சொல்லியனுப்பினான். சில்லு முழுவதையும் அத்தையே முன்னின்று பின்வாசலுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் அடுக்க வைத்து, முகத்தை அதன் உச்சியில் நிறுத்தி, விளக்கு ஏற்றினாள். உன் நாத்திகத்தை மாட்டுக்கொட்டிலோடு வைத்துக்கொள் என்று எனக்கு உத்தரவு.

இப்போது நிலைமையைப் பாருங்கள். தளத்துக்குக் குழி தோண்டியாயிற்று, அடியில் போட ஒன்றும் இல்லை. பின்வாசலை அடைக்க முதல்தரச் செங்கல் இருக்கிறது, அடைக்க ஆள் இல்லை. கால் ஒரு முக்காலியிலும் நான் ஒரு முக்காலியிலுமாக உட்கார்ந்து அந்தச் செங்கல் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வெந்த, ஓரம் மழுங்காத செங்கல். இதை உடைத்தால் எவ்வளவு நல்ல ஜல்லி என்று தோன்றியது. ஏற்கெனவே வாங்கிய சாமானை விட மலிவான சாமான் உண்டா? நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எது மலிவோ அதைப் போடு. போட்டுவிட்டேன்.

உடைப்பதற்குச் சந்திலிருந்து பெண்கள் வந்தார்கள். கூலி பேச வாயெடுத்தேன், ஒச்சாயி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தன் வாசலை அடைக்க வந்த சுவரை ஒருத்தி சுத்தியலால் உடைக்கும்போது எப்படி உடைப்பாள் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்குவாரியில் வெயிலில் உட்கார்ந்து உடைக்கிறபோது இவர்கள் முகத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு. ஒரு கிழவி ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் சொல்லி உடைத்தாள். பெயர்களை எழுத மாட்டேன், ஒன்று உங்களுடையது. ஜல்லியைக் குழியில் பரப்பி, ராவுத்தர் சுண்ணாம்பையும் தோற்றுப்போன ஆற்றுமணலையும் கலந்து ஊற்றி, மொக்கையன் இடித்து இறுக்கினான். மேலே கடப்பைக்கல் பாவினோம். ராவுத்தர் மறுபடியும் வர ஒப்புக்கொண்டார், ஆனால் இந்தத் தடவை கறுப்புக் கைலி கட்டிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை. ஆடிப் பார்த்தார், எழுந்து தொப்பென்று உட்கார்ந்து பார்த்தார். கல் ஒரு நூல் இறங்கவில்லை. அங்கேயே தூங்கிவிட்டார்.

ஆக, தளம் தயார். உங்கள் துரையும் அவருடைய துரைசானியும் சேர்ந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாலும் தாங்கும். ஒரே ஒரு விஷயம், பின்வாசலிலிருந்து கிணற்றுக்குப் போகிற பாதை தளத்தின் நடுவாகப் போகிறது. அங்கே தோண்டச் சொல்லி அடையாளம் போட்டது நீங்கள்தான். முன்பெல்லாம் சேற்றில் வழுக்கிக் குடம் உடையும், இப்போது பெண்கள் வீசி நடக்கிறார்கள். போகிற போக்கில் குதிரைக்கு ஒரு கும்பிடு, தூங்குகிற ராவுத்தருக்கு ஒரு சிரிப்பு. மகராசன் தளம் போட்டுக் கொடுத்தாரு என்று உங்களை வாழ்த்துகிறார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

உங்கள் கான்ட்ராக்டுகள் பெருகவும், யுத்தம் முடிவதற்குள் பட்டம் கிடைக்கவும், அத்தை சொல்லச் சொன்னபடி அய்யனார் உங்கள் வண்டி வாகனங்களைக் காக்கவும், என் சார்பில் நான் ஒன்றும் சொல்லாமலும் இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு
வீங்கிய விரலுடன்
உங்கள் மருமகன்
உக்கிரபாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நம் ஊரிலிருந்து சோணை வேளார் வந்தார். குதிரை செய்கிற குயவர், உங்களுக்குத் தெரிந்தவர்தான். அத்தை ஆள் விட்டு அழைத்திருக்கிறாள். புதுக் குதிரை செய்யச் சொல்லி, வழக்கப்படி நம் தோட்டத்து மண்ணை ஒரு பிடி எடுத்து வெற்றிலையில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். பிடிமண் வாங்கிய பிறகு அவர் வேப்பமரத்தடிக்குப் போய், மஞ்சளை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது என் சூளையில வெடிச்ச உருப்படி தம்பி. கோயிலுக்கே போகலை. கண்ணு எழுதித் தெறக்கலை பாருங்க, மொட்டையா இருக்கு. கண்ணு தெறக்குற வரைக்கும் குதிரையும் ஒண்ணுதான், கொழம்புச் சட்டியும் ஒண்ணுதான். ஒச்சாயிக்குத் தெரியுமே. அவதான வந்து நின்னு, மொகம் ஒடையாத துண்டாப் பாத்துப் போடுங்கண்ணேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தா."

நேரே சந்துக்கு நொண்டிக்கொண்டு போய் ஒச்சாயியைக் கேட்டேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "குதிரைன்னு சொன்னதே நானில்லை தம்பி, நீங்கள்லாந்தான் சொன்னீக. கண்ணு தெறந்துச்சான்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, விரல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

ஆகவே மேலே எழுதிய எதற்கும் பொருள் இல்லை. அத்தை நெய் விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பது ஒரு கொழம்புச் சட்டிக்கு. மறுபடி செங்கல் வாங்கி அனுப்பினால் நீங்கள் தாராளமாக வாசலை அடைக்கலாம், எந்தச் சாமியும் குறுக்கே வராது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் சோணை வேளார், ஒச்சாயி, நான், இப்போது நீங்கள். அத்தையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்வதாக இல்லை.

ஆனால் சோணை வேளார் இன்னொன்றும் சொன்னார். புதுக் குதிரை செய்து, சுட்டு, வர்ணம் தீட்டி, இதே பின்வாசலில் நிறுத்திக் கண் திறந்துவிட்டால், அப்புறம் அது நிஜக் குதிரை. அதை நகர்த்தவும் முடியாது, அதன் வழியை அடைக்கவும் முடியாது, உங்கள் பேரனுக்குப் பேரன் காலத்திலும் முடியாது. வீட்டுக்காரர் வாயால் சரி என்று ஒரு சொல் வந்தால் போதும், கண் திறப்பேன், வேண்டாம் என்றால் பிடிமண்ணைத் திருப்பித் தருவேன் என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டு உங்கள் புதுத் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

குழாய் விண்ணப்பத்தை மூன்றாவது தடவையாக இதோடு வைத்திருக்கிறேன்; சந்துக்குக் குழாய் வந்துவிட்டால் இந்த வாசல் அவர்களுக்குத் தேவைப்படாது. மறு தபாலில் எழுதுங்கள், மாமா: விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களா, குதிரைக்குக் கண் திறக்கச் சொல்லட்டுமா?